நான்கு சக்கரமும் இயங்கும் ஸ்போர்ட்ஸ் காருக்கு ரிம், டயர் அளவு தேர்வது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதிய சக்கரம் வாங்க நினைப்பவர் முதலில் படத்தைப் பார்க்கிறார், அடுத்து அங்குலத்தைப் பார்க்கிறார், சுற்றளவைப் பார்ப்பதே இல்லை. இன்ஜினின் விசை நான்கு சக்கரங்களுக்கும் போகும் காரில் இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். கீழே உள்ள கணக்குகளை எல்லாம் 245/40 ஆர்18 என்ற ஓர் அளவை வைத்தே போட்டிருக்கிறேன். 2008இல் வந்த தலைமுறை சுபாரு எஸ்டிஐ, மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன் 10 ஆகிய இரண்டும் இந்த அளவு டயரோடு விற்கப்பட்டவை. உங்கள் காரின் எண் வேறாக இருந்தால் அதைப் போட்டுக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள், வழி ஒன்றுதான்.

டயரின் பக்கவாட்டில் 245/40 ஆர்18 97டபிள்யூ என்று இருக்கிறது. எப்படிப் படிப்பது?

245 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 40 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் இத்தனை சதவீதம் என்ற கணக்கில். 245இல் 40 சதவீதம் 98 மி.மீ. ஆர் என்றால் ரேடியல். 18 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ஒரே வரியில் மில்லிமீட்டர், சதவீதம், அங்குலம் என்று மூன்று அளவைகளைக் கலந்து வைத்த புண்ணியவான் யாரோ தெரியவில்லை. 97 சுமைக் குறியீடு: ஒரு டயர் 730 கிலோ தாங்கும். டபிள்யூ வேகக் குறியீடு: மணிக்கு 270 கி.மீ. வரை.

நமக்கு வேண்டியது இந்த வரியில் அச்சாகாத ஓர் எண். 18 அங்குலம் என்பது 457.2 மி.மீ. அதோடு மேலே ஒரு 98, கீழே ஒரு 98 சேர்த்தால் டயரின் மொத்த விட்டம் 653.2 மி.மீ. அதை 3.1416ஆல் பெருக்கினால் சுற்றளவு 2,052 மி.மீ. சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் கார் ஏறக்குறைய அவ்வளவு தூரம் நகர்கிறது. எடையால் டயர் சற்று அமுங்குவதால் உண்மையில் கொஞ்சம் குறையும். ஒப்பிட்டுப் பார்க்க இந்தக் கணக்கு போதும்.

இரு சக்கரம் மட்டும் இயங்கும் காருக்கு இல்லாத கெடுபிடி இதற்கு மட்டும் ஏன்?

முன் சக்கரங்கள் மட்டும் இயங்கும் காரில் பின் டயர்கள் இழுபட்டு வருபவை. அவை சற்றுச் சிறிதாக இருந்தால் சற்று வேகமாகச் சுற்றும். இயந்திரத்தில் யாருக்கும் அது ஒரு பொருட்டில்லை. நான்கு சக்கர இயக்கத்தில் முன் அச்சும் பின் அச்சும் நடுவில் ஒரு டிஃபரன்ஷியலாலோ (வேக வேறுபாட்டுக்கு இடம் தரும் பல்சக்கரத் தொகுதி) கிளட்சாலோ பிணைக்கப்பட்டிருக்கின்றன. இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுற்றினால் அந்த வேறுபாட்டை நடுவில் இருப்பதுதான் விழுங்க வேண்டும்.

எண்ணில் பார்ப்போம். முன்னால் புது டயர்கள், பின்னால் 3 மி.மீ. தேய்ந்தவை என்று வைத்துக்கொள்வோம். ஆரம் 3 மி.மீ. குறைந்தால் சுற்றளவு ஏறக்குறைய 19 மி.மீ. குறையும். 100 கி.மீ. ஓடும்போது முன் சக்கரம் சுமார் 48,730 சுற்றுச் சுற்றும். பின் சக்கரம் சுமார் 49,180. திருப்பமே இல்லாத நேர்ச்சாலையிலும் 450 சுற்று உபரி. வளைவில் திரும்பும்போது நான்கு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுற்றத்தான் செய்கின்றன. ஆனால் வளைவு சில நொடிகளில் முடிந்துவிடும். டயர் வேறுபாடு முடிவதே இல்லை.

நடுவில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்து விளைவு மாறும். சாதாரணப் பல்சக்கர டிஃபரன்ஷியல் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். விஸ்கஸ் கப்ளிங் என்பது சிலிகான் எண்ணெயில் மூழ்கிய தட்டுகளின் அடுக்கு. இருபுறமும் வேக வேறுபாடு நீடித்தால் எண்ணெய் சூடேறி, தட்டுகள் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொள்ளும். கணினி கட்டுப்படுத்தும் கிளட்ச் அடுக்குள்ள கார்களில் கணினி 'ஏதோ சக்கரம் வழுக்குகிறது' என்று எண்ணிக்கொண்டு தேவையில்லாத நேரத்தில் கிளட்சை இறுக்கும்.

இதைச் சொந்த அனுபவத்தில் கற்றவன் நான். ஒரு முறை செலவைச் சுருக்க நினைத்து முன்னால் மட்டும் இரண்டு புது டயர் போட்டேன். இரண்டு மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்டிவிட்டு, வாகன நிறுத்துமிடத்தில் ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பி மெல்ல நகர்த்தினால், கை பிரேக்கை இழுத்து வைத்தது போல் கார் முரண்டு பிடித்தது. மறுநாள் காலையில் எடுத்தால் பூனை போல் அமைதி. இரண்டு வாரம் ஜாயின்ட்டுகளையும் எண்ணெயையும் சந்தேகித்தேன். சூடானால் வருவதும் ஆறினால் போவதுமாக இருந்ததுதான் துப்பு: விஸ்கஸ் கப்ளிங் நாள் முழுவதும் நான் போட்ட கணக்கைச் சரிக்கட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

எவ்வளவு வேறுபாடு வரை போகலாம்?

உங்கள் காரின் கையேடு சொல்வதே முடிவு. ஒரு பிடிமானத்துக்கு: சுபாரு தன் கார்களுக்குச் சொல்லிவரும் வரம்பு, நான்கு டயர்களின் சுற்றளவும் கால் அங்குலத்துக்குள், அதாவது 6.4 மி.மீ.க்குள் இருக்க வேண்டும் என்பது. மேலே பார்த்த 19 மி.மீ. அதைப் போல் மூன்று மடங்கு. ட்ரெட்டின் (தரையைத் தொடும் ரப்பரில் வெட்டிய பள்ளங்கள்) ஆழக் கணக்காக மாற்றினால் அந்த வரம்பு 1 மி.மீ. தேய்மானத்தைத்தான் அனுமதிக்கிறது.

அப்படியானால் நான்கும் ஒரே அளவில் இருந்தே ஆக வேண்டுமா? பின்னால் அகலமாகப் போட முடியாதா?

இங்கேதான் பலர் தவறுகிறார்கள், இரு திசையிலும். நிசான் ஜிடி-ஆர் ஆர்35 காரைப் பாருங்கள். முன்னால் 255/40 ஆர்20, பின்னால் 285/35 ஆர்20. அகலத்தில் 30 மி.மீ. வேறுபாடு, ஆனால் விட்டம் முன்னால் 712, பின்னால் 707.5. வேறுபாடு ஒரு சதவீதம்கூட இல்லை. அகலம் கூடும்போது பக்கச்சுவர் சதவீதத்தைக் குறைத்து, விட்டத்தை ஏறக்குறைய ஒன்றாகவே வைத்திருக்கிறார்கள்.

இப்போது போர்ஷே 911 டர்போ, 992 தலைமுறை. முன்னால் 255/35 ஆர்20, பின்னால் 315/30 ஆர்21. விட்டம் முன்னால் 686.5, பின்னால் 722.4. ஐந்து சதவீதத்துக்கு மேல் வேறுபாடு! இதுவும் நான்கு சக்கரமும் இயங்கும் கார்தான். அந்த வேறுபாட்டை எதிர்பார்த்தே அதன் இயக்க அமைப்பும் கணினியும் வடிவமைக்கப்பட்டிருக்கின்றன. அந்தக் காரில் யாராவது 'சமமாக இருக்கட்டும்' என்று நான்கிலும் ஒரே விட்டம் போட்டால் அதுதான் தவறான அளவு.

ஆகவே பார்க்க வேண்டியது காரைச் செய்தவர் வைத்த முன்-பின் விகிதம். தொழிற்சாலை அளவில் பின் விட்டத்தை முன் விட்டத்தால் வகுத்து ஓர் எண் எடுங்கள். புதிய அளவிலும் அதே எண் வர வேண்டும். இடது வலது இரண்டும் எப்போதும் சமம். அதில் பேச்சுக்கே இடமில்லை. நான்கும் ஒரே அளவாக வந்த கார் என்றால் அப்படியே விட்டுவிடுங்கள் என்பது என் கட்சி. முன்-பின் இடம் மாற்றிப் போட்டு நான்கையும் ஒரே சீராகத் தேய வைக்கலாம்; வேறு அளவுகள் போட்ட அன்றே அந்த வசதி போய்விடும். முன்பாரம் கூடுதலான இந்த வகைக் கார்கள் பலவற்றில், பின்னால் மட்டும் பிடிப்பைக் கூட்டினால் வளைவில் மூக்கு இன்னும் வெளியே தள்ளும் என்பது வேறு.

ஒரே அளவு அச்சிட்ட இரு நிறுவனங்களின் டயர்களைக் கலக்கலாமா?

கூடாது. அச்சில் உள்ளது பெயரளவு. ஒரே அளவு போட்ட இரு மாடல்கள் உண்மை விட்டத்தில் சில மில்லிமீட்டர் வேறுபடுவது சாதாரணம். டயர் நிறுவனங்கள் தரும் விவரத்தாளில் ஒரு கிலோமீட்டருக்கோ மைலுக்கோ எத்தனை சுற்று என்ற எண் இருக்கும். ஒப்பிட வேண்டுமானால் அதை ஒப்பிடுங்கள்.

அதைவிட நம்பகமானது சாக்கட்டி. நான்கு டயரிலும் காற்றழுத்தத்தைச் சமமாக்கி, சமதரையில் ஸ்டீயரிங்கை நேராக வைத்துக் காரை நிறுத்துங்கள். டயர் தரையைத் தொடும் இடத்தில் டயரிலும் தரையிலும் ஒரு கோடு. ஒருவர் காருக்குள் இருந்து பிரேக்கைப் பார்த்துக்கொள்ள, இன்னொருவர் மெல்லத் தள்ளட்டும். டயரின் கோடு ஐந்தாவது முறை அடியில் வரும்போது தரையில் மறு கோடு. நாடாவால் அளந்து ஐந்தால் வகுத்தால் ஒரு சுற்றின் நீளம். நான்கு சக்கரத்துக்கும் செய்யுங்கள். அரை மணி நேர வேலை. உடை கொஞ்சம் அழுக்காகும். தேய்மானம் ஒன்று போலவே இருக்கிறது என்று நான் கண்ணால் பார்த்துச் சத்தியம் செய்திருக்கக்கூடிய இரண்டு டயர்களில் 11 மி.மீ. வேறுபாட்டை இந்தச் சாக்கட்டி காட்டிக்கொடுத்தது.

17, 18, 19, 20 அங்குலம். எதை எடுப்பது?

245 அகலத்தை வைத்துக்கொண்டே நான்கு அளவுகளை அடுக்கிப் பார்க்கலாம். 245/45 ஆர்17, 245/40 ஆர்18, 245/35 ஆர்19, 245/30 ஆர்20. நான்கின் மொத்த விட்டமும் 652 முதல் 655 மி.மீ.க்குள் அடங்கிவிடும், எதைப் போட்டாலும் டிஃபரன்ஷியல் கவலைப்படாது. மாறுவது பக்கச்சுவர்: 110, 98, 86, 73.5. ரிம் ஓர் அங்குலம் பெரிதாகும்போதெல்லாம் குழிக்கும் ரிம்முக்கும் இடையே உள்ள ரப்பர் 12 மி.மீ. குறைகிறது.

பக்கச்சுவர் குட்டையானால் ஸ்டீயரிங்கைத் திருப்பியவுடன் கார் திரும்பும் உணர்வு கூர்மையாகும், அது உண்மை. அதற்குக் கொடுக்கும் விலை எடை. ரிம்மின் கனமான விளிம்பு மையத்திலிருந்து விலகிப் போகப் போக, அதைச் சுழற்றவும் நிறுத்தவும் கூடுதல் விசை வேண்டும். சஸ்பென்ஷனுக்குக் கீழே தொங்கும் எடை கூடினால் மேடுபள்ளத்தில் டயர் தரையை விட்டுவிடுவதும் கூடும். எனவே காலிப்பரை (பிரேக் வட்டைப் பிடிக்கும் கவ்வி) தாண்டக்கூடிய மிகச் சிறிய ரிம் எதுவோ அதிலிருந்து தொடங்குவதே என் வழக்கம். பந்தயத் தடத்துக்கு அடிக்கடி போகிறவர்களில் பலர் 19இல் வந்த காரை 18க்கு இறக்குகிறார்கள். டயர் தெரிவும் அதிகம், அடிபட்டு நெளியும் ரிம்மும் குறைவு. 20? நின்ற இடத்தில் அழகாக இருக்கும்.

டயர் எவ்வளவு அகலம் போகலாம்?

ரிம்மின் அகலம் விடும் அளவுக்கு. 245/40 ஆர்18 டயர் 8 முதல் 9.5 அங்குல அகலமுள்ள ரிம்மில் உட்காரும், 8.5 அதற்கான அளவுகோல் ரிம். 265/35 ஆர்18க்கு 9 முதல் 10.5 வரை. குறுகிய ரிம்மில் அகல டயரைத் திணித்தால் பக்கச்சுவர் புடைத்து, வளைவில் டயர் பக்கவாட்டில் சாயும். போட்ட அகலத்தில் பாதிப் பயன்கூடக் கிடைக்காது. 8.5 ரிம்மில் 265 போட்டுவிட்டு ஸ்டீயரிங் மந்தமாகிவிட்டது என்று வருந்துபவரிடம் சொல்ல வேறொன்றும் இல்லை.

265/35 ஆர்18இன் விட்டம் 642.7, பழையதைவிட 1.6 சதவீதம் குறைவு. நான்கிலும் அதே என்றால் கவலையில்லை. ஈரச்சாலையில் அகல டயர் தண்ணீரின் மேல் மிதந்துவிடும் வேகம் குறையும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

ஆஃப்செட் என்றால் என்ன? எனக்கு எது வரும்?

ரிம்மின் அகலத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் நடுக்கோட்டிலிருந்து, ஹப்பில் (சக்கரத்தை மாட்டும் அச்சு மையம்) பதியும் ரிம்மின் முகம் எத்தனை மி.மீ. தள்ளி இருக்கிறது என்பதே ஆஃப்செட். முகம் வெளிப்பக்கம் இருந்தால் கூட்டல் குறி. எண் பெரிதானால் சக்கரம் உள்ளே போகும். சிறிதானால் வெளியே வரும்.

முன்பு சொன்ன இரு கார்களே நல்ல பாடம். எஸ்டிஐயும் எவல்யூஷன் 10உம் 18×8.5 ரிம், 5×114.3 போல்ட் அமைப்பு (114.3 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தில் ஐந்து போல்ட்), 245/40 டயர் என்று எல்லாவற்றிலும் ஒன்று. ஆஃப்செட் மட்டும் எஸ்டிஐயில் +55, எவல்யூஷனில் +38. எவல்யூஷனின் ரிம்மை எஸ்டிஐயில் மாட்டினால் அப்படியே 17 மி.மீ. வெளியே வந்து நிற்கும்.

அகலமும் மாறினால் இரண்டு கணக்கு. 8.5 +55 ரிம்முக்குப் பதில் 9.5 +38 வாங்குகிறீர்கள் என்போம். அகலம் ஓர் அங்குலம் கூடியதில் இருபுறமும் 12.7 மி.மீ. வளர்கிறது. ஆஃப்செட் 17 குறைந்ததில் முழுச் சக்கரமும் 17 வெளியே நகர்கிறது. வெளி விளிம்பு 12.7 + 17, அதாவது 29.7 மி.மீ. வெளியே, உள் விளிம்போ 4.3 மி.மீ. ஸ்ட்ரட்டிலிருந்து (சக்கரத்துக்கு உட்பக்கம் நிற்கும் சஸ்பென்ஷன் தூண்) விலகுகிறது. அதே 9.5 ரிம் +45இல் கிடைத்தால் வெளியே 22.7, உள்ளே 2.7 மி.மீ. நெருக்கம். இந்த இரண்டு எண்களையும் கையில் வைத்துக்கொண்டு, இப்போதுள்ள டயருக்கும் ஸ்ட்ரட்டுக்கும் இடையே விரலை விட்டுப் பாருங்கள். ஃபெண்டர் (சக்கரத்துக்கு மேலுள்ள தகடு) விளிம்பிலிருந்து ஒரு நூலில் குண்டு கட்டித் தொங்கவிட்டுப் பாருங்கள். ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுக்கத் திருப்பியும், ஜாக்கியால் சஸ்பென்ஷனை அமுக்கியும் பார்க்க வேண்டும். நின்ற நிலையில் உரசாத டயர் முதல் மேட்டில் உரசும். காரைத் தாழ்த்தியிருந்தால் இன்னும் சீக்கிரம்.

உரசாவிட்டாலும் கண்டபடி வெளியே தள்ள வேண்டாம். ஸ்டீயரிங் சுழலும் அச்சுக்கும் டயரின் மையத்துக்கும் இடையிலான தூரம் மாறி, ஒவ்வொரு பள்ளத்திலும் ஸ்டீயரிங் கையை உதறும். பேரிங்கும் சீக்கிரம் சத்தம் போடும்.

ஸ்பேசர் (ஹப்புக்கும் ரிம்முக்கும் இடையே வைக்கும் தட்டு) போட்டுச் சரிசெய்யலாமா?

ஹப்பில் சரியாகப் பொருந்தி உட்காரும் வகை, தகுந்த நீளமுள்ள ஸ்டட் (நட்டு ஏறும் மரைத்தண்டு) அல்லது போல்ட் என்றால் சில மில்லிமீட்டருக்குப் பரவாயில்லை. 20 மி.மீ. ஸ்பேசர் தேவைப்படுகிறது என்றால் வாங்கிய ரிம் தவறு என்று அர்த்தம்.

போல்ட் அமைப்பு பொருந்துகிறது. அது போதாதா?

போதாது. முதலில் அமைப்பையே சரிபாருங்கள். எஸ்டிஐ 2005 மாடலில்தான் 5×100இலிருந்து 5×114.3க்கு மாறியது, பெயரை மட்டும் நம்பிப் பொருந்தாத ரிம்மை வாங்கியவர்கள் பலர். 5×112உம் 5×114.3உம் கண்ணுக்கு ஒன்று போலத் தெரியும். நட்டும் பாதிவரை ஏறும். 2.3 மி.மீ. வேறுபாடு ஸ்டட்டை வளைத்துப் பிடித்துக்கொண்டிருக்கும். அந்தப் பரீட்சை வேண்டாம்.

அடுத்தது ஹப் துளை. சுபாரு ஹப் 56.1 மி.மீ., மிட்சுபிஷி 67.1. துளை பெரிதாக உள்ள ரிம்மை வளையம் போட்டுப் பொருத்தலாம். சிறிதாக இருந்தால் மாட்டவே முடியாது. வளையமில்லாமல் மாட்டினால் சக்கரம் மையத்தில் உட்காராமல் வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கும். மூன்றாவது, நட்டின் இருக்கை: சில ரிம்முக்குக் கூம்பு, சிலவற்றுக்கு உருண்டை. மாற்றிப் போட்டால் நட்டு தானாகத் தளரும். டார்க் ரென்ச்சால் (முடுக்கும் விசையை அளந்து காட்டும் சாவி) முடுக்கி, ஐம்பது நூறு கி.மீ. ஓடியபின் ஒரு முறை மீண்டும் பாருங்கள்.

பெரிய பிரேக் இருக்கிறது. ரிம் அதைத் தாண்டுமா?

ரிம்மின் விட்டம் மட்டும் இதைச் சொல்லாது. பழைய எஸ்டிஐ, பிரெம்போ நிறுவனத்தின் பெரிய காலிப்பரோடு 17 அங்குலச் சக்கரத்தில்தான் விற்கப்பட்டது. அதே நேரத்தில் காலிப்பரில் இடிக்கும் 18 அங்குல ரிம்களும் உண்டு. ஆரக்கால் எப்படி வளைந்திருக்கிறது என்பதே கேள்வி. காலிப்பரின் குறுக்குவெட்டை அட்டையில் வெட்டி ரிம்முக்குள் வைத்துப் பார்த்துவிட்டு வாங்குவது உத்தமம்.

அளவு எல்லாம் சரி. சுமைக் குறியீட்டையும் பார்க்க வேண்டுமா?

கட்டாயம். இது சத்தமில்லாமல் ஏமாற்றும் எண். 245/40 ஆர்18 டயர் 93 என்றும் கிடைக்கும், கூடுதல் சுமை வகையில் 97 என்றும் கிடைக்கும். 97 டயரோடு வந்த காருக்கு 245/35 ஆர்19 போடுகிறீர்கள். அதில் கிடைப்பது 93. டயருக்கு 730 கிலோவிலிருந்து 650க்கு இறங்கிவிட்டீர்கள்.

இன்னொரு நுணுக்கம். 93 என்று இரண்டிலும் இருந்தாலும் இரண்டும் ஒன்றல்ல. சாதாரண வகை அந்த 650 கிலோவை 36 பிஎஸ்ஐ காற்றில் தாங்குகிறது. கூடுதல் சுமை வகைக்கு 42 பிஎஸ்ஐ வேண்டும். கதவோரத்து ஸ்டிக்கரில் உள்ள பழைய அழுத்தத்தையே குட்டைப் பக்கச்சுவர் டயருக்கும் வைத்தால், உண்மையில் காற்றுக் குறைவான டயரில் ஓட்டுகிறீர்கள். அடுத்த குழியில் ரிம் அதைச் சொல்லும்.

ஸ்பீடோமீட்டர் தவறாகக் காட்டுமா?

விட்டம் மாறிய சதவீதம் அளவுக்கே மாறும். 3 சதவீதத்துக்குள் இருக்கட்டும் என்பது பொதுவான பழக்கம். 2க்குள் வைத்தால் ஏபிஎஸ், நிலைத்தன்மைக் கட்டுப்பாடு பற்றியும் யோசிக்க வேண்டாம்.

ஒரு டயர் கிழிந்துவிட்டது. நான்கையும் மாற்ற வேண்டுமா?

மனம் வராத கேள்வி இது. மற்ற மூன்றின் ட்ரெட் ஆழத்தை அளந்து பாருங்கள். புதிதாக வாங்கி அதிக நாள் ஆகாமல் தேய்மானம் வரம்புக்குள் இருந்தால் அதே மாடலில் ஒன்று வாங்கினால் போதும். வரம்பைத் தாண்டினால், சில இடங்களில் புது டயரின் ட்ரெட்டை மற்றவற்றின் ஆழத்துக்குச் சீவித் தருவார்கள். பணம் கொடுத்து வாங்கிய ரப்பரைச் சீவி எறிவது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். நடு டிஃபரன்ஷியலை இறக்கிச் சரிசெய்யும் செலவோடு வைத்துப் பார்த்தால் தோன்றாது. இரண்டும் முடியாது என்றால் நான்கு.

சிறிய அவசரச் சக்கரத்தைப் போட்டு ஓட்டலாமா?

கையேடு சொல்லும் வேகத்தில், அருகிலுள்ள பட்டறை வரை. தானியங்கி கியருள்ள பழைய சுபாரு கார்கள் பலவற்றில் பானட்டுக்குள் ஒரு காலி ஃபியூஸ் இடம் உண்டு. அதில் ஃபியூஸைச் செருகினால் பின் அச்சுக்குப் போகும் விசை நின்று, முன் சக்கரங்கள் மட்டும் இயங்கும். சிறு சக்கரம் ஓடும்போது அதைச் செய்யச் சொல்லித்தான் அந்த இடத்தை வைத்தார்கள். உங்கள் காரில் அப்படி ஒன்று இருக்கிறதா என்று பஞ்சர் ஆவதற்கு முன்பே பார்த்து வையுங்கள்.

குளிர்காலத்துக்குத் தனிச் சக்கரம் வைக்கும்போது?

வெப்பம் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் கோடை டயரின் ரப்பர் விறைத்துவிடும். காலிப்பர் இடம் விட்டால் 17 அங்குலத்துக்கு இறங்கி, 245/45 அல்லது சற்றுக் குறுகிய 225/50 போடலாம். இரண்டாவதன் விட்டம் 656.8, அரை சதவீதம்தான் கூடுதல். குறுகிய டயர் பனியை வெட்டிக்கொண்டு போகும். நான்கிலும் பனி டயர். இரண்டில் மட்டும் பனி டயர் போட்டுவிட்டு 'நான்கும் இழுக்கிறதே' என்று சொல்பவருக்கு ஒன்று: நான்கு சக்கர இயக்கம் கிளம்பத்தான் உதவும், நிற்க உதவாது. கழற்றி வைக்கும் டயர்களில் எது எந்த மூலையில் இருந்தது, எத்தனை மி.மீ. ட்ரெட் மீதி என்று அதே சாக்கட்டியால் எழுதி வைத்துவிடுங்கள்.